கட்டை வாங்கலாம், நேரத்தை எங்கே வாங்குவது?

குழந்தைப் பொம்மை விற்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு நீங்கள் போதுமானதைச் செய்கிறீர்களா என்கிற பாணியில் பெட்டிமேல் அச்சடிக்கிறீர்களே, அந்த 'நீங்கள்' யார்? தமிழில் 'நீங்கள்' என்பதற்கு ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. பெட்டியில் இருக்கும் படத்துக்கு உண்டு. தலைவாரி, பொட்டு வைத்து, கசங்காத உடுப்போடு தரையில் கால் நீட்டி உட்கார்ந்து ஒரு பெண் சிரிக்கிறாள். அவள் மடியில் குழந்தை, குழந்தைக்கு முன்னால் ஆறு கலர் கட்டை. அடுப்பில் எதுவும் கொதிக்கவில்லை. அந்தப் பக்கம் தறி இல்லை. யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

அந்தப் பெண்ணை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஆனால் அவள் மடிக்கு முன்னால் இருக்கும் கட்டைகளை எனக்கு நன்றாகத் தெரியும். அவற்றைத் தைத்தவள் நான்.

நான் முசரவாக்கத்துக்காரி. காஞ்சிபுரத்தில் விற்கும் பட்டுப் புடவை எல்லாம் காஞ்சிபுரத்துத் தெருக்களிலேயே நெய்யப்படுவதில்லை. கடை நகரத்தில், தறி சுற்றுப்பட்ட ஊர்களில். பத்து வயதில் தறிப் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டவள், முப்பது வயதுக்கு மேல் தையல் மிஷினுக்கு மாறினேன். முதுகு அதற்குமேல் தாங்கவில்லை. ரவிக்கை தைத்தேன், பள்ளிக்கூடச் சீருடை தைத்தேன். நடுவில் ஒன்றரை வருடம் குழந்தைகளுக்கான ஸ்பாஞ்சுக் கட்டைகளுக்கு உறை தைத்துக் கொடுத்தேன். 'சாஃப்ட் பிளாக்ஸ்' என்று அட்டைப்பெட்டியில் போட்டு விற்பார்களே, அதுதான்.

நான்கு அங்குலச் சதுரத்தில் ஆறு துண்டுத் துணி வரும். ஐந்து பக்கத்தை மிஷினில் இணைத்து, புரட்டி, ஸ்பாஞ்சைத் திணித்து, ஆறாவது பக்கத்தைத் தையல் வெளியே தெரியாமல் கையால் மூட வேண்டும். ஊசி முனை உடைந்தால் அந்த முனையைத் தேடி எடுத்து அட்டையில் ஒட்டிக் காட்ட வேண்டும்; கிடைக்காவிட்டால் அன்று தைத்த அத்தனையும் கழிவு. குழந்தை வாயில் வைக்கும் பொருள், விதி நியாயமானதுதான். ஆனால் கழிவாய்ப் போன கட்டைக்குக் கூலி கிடையாது என்பதும் விதியில் இருந்தது. நல்ல கட்டை ஒன்றுக்குக் கிடைத்த கூலியில் ஒரு டீ குடிக்க முடியாது. அந்தக் கட்டைகள் பன்னிரண்டு சேர்ந்த பெட்டி என்ன விலைக்கு விற்கிறது என்பதை நான் வெகுநாள் கழித்து ஒரு கடை அலமாரியில் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் பஸ் ஏறிவிட்டேன்.

இதனால் ஒரு லாபம் உண்டு. எந்தக் கட்டை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் எனக்கு உண்மையாகவே பதில் தெரியும். அதைச் சொல்லிவிட்டே என் சண்டைக்கு வருகிறேன்; தேவைப்படுகிறவர்கள் இதை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் சரி.

கட்டையின் இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். தையல் வாய் திறந்து உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சு தெரிந்தால் வைத்துவிடுங்கள். ஒட்டிய கண், பொத்தான், மணி, குஞ்சம் எதுவும் வேண்டாம். படம் வேண்டுமென்றால் துணியிலேயே அச்சடித்தது அல்லது நூலில் போட்டது போதும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மையைச் சோதிப்பவர்கள் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சின்ன உருளையை வைத்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் அடங்கும் எந்தத் துண்டும் குழந்தையின் தொண்டையை அடைக்கும் என்பது கணக்கு. உறையில்லாத வெறும் ஸ்பாஞ்சுக் கட்டை பார்க்க அழகாக இருக்கும். பல் முளைத்த குழந்தை அதைக் கடித்துப் பிய்த்துவிடும். பசங்கள் உட்கார்ந்து விளையாட விரிக்கிற ஸ்பாஞ்சுப் பாய்களில் ஃபார்மமைடு என்ற ரசாயனம் இருக்கிறது என்று 2010 கடைசியில் பெல்ஜியம் விற்பனையைத் தடை செய்தது. புதிதாகப் பிரித்ததும் மூக்கைத் துளைக்கிற வாடை அடித்தால், பூவாசனை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உறையைக் கழற்றித் துவைக்க முடிகிறதா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த ஸ்பாஞ்சு லேசில் காயாது, உள்ளே பூஞ்சை பிடிக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கட்டும், 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். இன்னொன்று: மெத்தென்று இருக்கிறதே என்று தூளியிலோ தொட்டிலிலோ குழந்தையோடு போட்டுவைக்காதீர்கள். மூக்கை மூடிக்கொண்டால் தள்ளிவிட அதற்குத் தெரியாது.

அவ்வளவுதான். எழுத்து, எண், 'ஏ ஃபார் ஆப்பிள்', பன்னிரண்டு வகைச் சத்தம் எல்லாம் வாங்குகிறவருக்கு. எட்டு மாதக் குழந்தைக்குக் கட்டை என்பது கவ்வ, எறிய, அடுத்த கைக்கு மாற்ற, யாராவது அடுக்கி வைத்தால் தட்டிவிட. ஒன்றின்மேல் ஒன்றை அதுவே வைப்பதற்கு ஒன்றேகால் வயதாகும். மூன்று அடுக்க ஒன்றரை வயது, ஆறு அடுக்க இரண்டு வயது. இதில் முன்னே பின்னே இருப்பதும் சகஜம்.

பெட்டியின் பின்பக்கத்தில் இன்னொரு சொல் இருக்கும்: விரல்களின் நுண்திறன். இந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். ஏன் என்று சொல்கிறேன்.

காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், இரண்டும் சேருமிடம் பிரியவே பிரியாது என்று கடையில் இழுத்துக் காட்டுவார்கள். அப்படி வர மூன்று நாடா வேண்டும். நெய்கிறவருக்குக் கை இரண்டுதான். மூன்றாவது நாடாவைத் தள்ளக் கரைப்பக்கம் ஒரு ஆள் உட்கார வேண்டும். அந்த ஆளுக்குப் பெரிய ஆள் கூலி கொடுத்தால் கட்டாது என்பதால் அங்கே பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். நான் உட்கார்ந்தேன். என் அக்காவும்தான். ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை லீவில் 'சும்மா ஒத்தாசைக்கு' என்று உட்கார்ந்தவள், ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது எழுந்திருக்கவில்லை. அப்பா வாங்கியிருந்த முன்பணம் என் தலையில் இருந்தது. எவ்வளவு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த முதலாளி எங்களைத் திட்டியதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பொங்கலுக்குத் துணி எடுத்துக் கொடுப்பார். வருகிறவர்களிடம் எங்கள் கையைக் காட்டி, "பிஞ்சு விரல்தாங்க இந்த வேலைக்கு, பெரியவங்க விரலுக்கு இந்த நுணுக்கம் வராது" என்பார். பெருமையாக இருக்கும். கம்பளத் தொழிலிலும் இதே பேச்சுதான் இருந்தது. 1990களில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காக உத்தரப் பிரதேசக் கம்பளத் தறிகளை ஆராய்ந்தவர்கள், பிஞ்சு விரல் கதையில் உண்மை இல்லை, பெரியவர்களும் அதே நுணுக்கத்தோடு நெய்கிறார்கள் என்று எழுதினார்கள். 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் கர்நாடகம், வாரணாசியோடு காஞ்சிபுரமும் இருந்தது. அதற்கப்புறம் சோதனைகள் வந்தன, சிறப்புப் பள்ளிகள் வந்தன, பிள்ளைகள் தறியை விட்டு எழுந்தார்கள். எழுந்தது உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் 2016இல் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் 'உதவலாம்' என்று ஒரு சந்தைத் திறந்து வைத்தார்கள். காஞ்சிபுரத்தில் தறி என்பதே பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் குடும்பத் தொழில்தான். 'ஒத்தாசை' என்ற சொல்லுக்குச் சட்டத்திலேயே இடம் கிடைத்துவிட்டது.

ஆக, விரலின் நுண்திறன் என்ன விலைக்குப் போகும் என்பதை எங்கள் தலைமுறைப் பெண்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. எங்கள் விரலைப் பத்து வயதில் எடுத்துக்கொண்டார்கள். இப்போது நாங்கள் பெற்ற பிள்ளைகளின் விரலுக்கு நாங்கள் போதுமானதைச் செய்யவில்லை என்று பெட்டிமேல் அச்சடித்து, அதற்கும் எங்களிடமே காசு கேட்கிறார்கள்.

போன வருடம் என் அக்கா மகள் வந்தாள். கைக்குழந்தைக்காரி, பெண் குழந்தை, எட்டு மாதம். கணவனோடு சேர்ந்து நெய்கிறாள். மூன்றாவது நாடாவுக்கு இப்போது பிள்ளைகள் இல்லாததால் அங்கே மனைவிகள் உட்காருகிறார்கள். தார் சுற்றுவதும் அவளே, சமைப்பதும் அவளே. தூளியில் ஒரு கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைக் கால் கட்டை விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே நாடா தள்ளுகிறாள்.

"சித்தி, நீங்க தச்சிருக்கீங்க இல்ல, எது நல்லதுன்னு சொல்லுங்க" என்றாள். "மொதலாளிகிட்ட ரெண்டாயிரம் கேட்டிருக்கேன். கூலியில கழிச்சுக்கச் சொல்லி."

"எதுக்குடி கட்டைக்கு முன்பணம்?"

"அத்தை சொல்றாங்க, தறியிலயே குந்திக்கினு கெடந்தா புள்ள எப்டி வளரும்னு. எதிர் வீட்டுப் பாப்பா அதுக்குள்ள கட்டையெல்லாம் எடுக்குதாம்."

குழந்தையை மடியில் வாங்கிப் பார்த்தேன். நிமிர்ந்து உட்காருகிறது. என் வளையலைப் பிடித்து இழுக்கிறது. கிராம செவிலியர் எடை பார்த்து, நன்றாக இருக்கிறது என்று அட்டையில் எழுதியிருக்கிறார். அந்தக் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. குறை இருப்பதாக அவள் நம்பவைக்கப்பட்டிருக்கிறாள். அதுவும் எப்படி? புடவை எப்போது முடியும் என்று தினமும் கேட்கிற அதே வாய்தான் தறியிலேயே கிடக்கிறாய் என்றும் கேட்கிறது. ஒருநாள்கூட அந்தக் கேள்வி, அதே தறியில் அவள் பக்கத்திலேயே குந்தியிருக்கிற மகனிடம் போகவில்லை. மாமியாரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பிள்ளை பெற்றபோதும் அவரை யாராவது இதே கேள்வி கேட்டிருப்பார்கள், கட்டைக்குப் பதிலாக வேறு எதையாவது சொல்லி.

எனக்கு ஆத்திரம் வந்தது முன்பணம் என்ற சொல்லில். முதலில் பிள்ளையை அடகு வைக்க முன்பணம். முப்பது வருடம் கழித்து, பிள்ளையின் விரலை வளர்க்க முன்பணம். இரண்டாயிரம் ரூபாய்க்கு எத்தனை நாள் கூலி பிடிப்பார்கள், அத்தனை நாளும் அவள் எவ்வளவு கூடுதல் நேரம் தறியில் இருப்பாள், அந்த நேரம் யாரிடமிருந்து எடுக்கப்படும்? குழந்தையிடமிருந்துதான். குழந்தையோடு இருக்கும் நேரத்தை விற்று, குழந்தையோடு விளையாடுவதற்கான கட்டையை வாங்குவது. இந்தக் கணக்கை அந்தப் பெட்டி ஒருநாளும் போட்டுக் காட்டாது.

கட்டை பயன்படாது என்று நான் சொல்லவில்லை. பயன்படும். 2007இல் அமெரிக்காவில், சியாட்டலில், ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளின் வீடுகளுக்குக் கட்டைகளை அனுப்பி ஆராய்ந்தார்கள்; கட்டை வந்த வீட்டுப் பிள்ளைகளின் பேச்சுத்திறன் கூடியிருந்தது என்று செய்தி உலகமெல்லாம் போனது. செய்தியோடு சேர்ந்து போகாத இரண்டு விஷயம் உண்டு. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது மெகா பிளாக்ஸ் என்ற கட்டை தயாரிக்கும் நிறுவனம். வீடுகளுக்குக் கட்டை மட்டும் போகவில்லை, அதை வைத்துப் பிள்ளையோடு எப்படி விளையாடலாம் என்ற யோசனைத் தாள்களும் போயின. பேச்சு கட்டையிலிருந்தா வந்தது, கூட உட்கார்ந்த ஆளிடமிருந்தா? கட்டை பேசாதே.

2016இல் வெளியான இன்னொரு சின்ன ஆய்வு, இருபத்தாறு குழந்தைகளும் அவர்களுடைய பெற்றோரும். பாட்டுப் பாடி லைட் எரியும் பொம்மை கையில் இருந்தபோது பெரியவர்கள் பேசுவது குறைந்தது. படப் புத்தகமோ சாதாரணப் பொம்மையோ இருந்தபோது கூடியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் 2018இல் பொம்மை பற்றிச் சொன்ன ஆலோசனையின் சாரம் இதுதான்: விலை உயர்ந்தது தேவையில்லை, குழந்தையோடு ஒரு ஆளை உட்கார வைக்கும் பொம்மையே நல்ல பொம்மை.

எல்லாவற்றையும்விட என் மனதில் நிற்பது ஜமைக்கா. 1986-87இல் கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில், சத்துக் குறைவால் வளர்த்தி குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒருமணி நேரம், இரண்டு வருடத்துக்கு, ஒரு சுகாதாரப் பணிப்பெண் போனார். வீணான டப்பா, மூடிகளில் செய்த பொம்மைகளும் எளிய கட்டைகளும்தான் கையில். தாயோடும் பிள்ளையோடும் உட்கார்ந்து விளையாடினார். இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம், யாரும் போகாத வீட்டுப் பிள்ளைகளைவிடச் சுமார் 25 சதவீதம் கூடுதல். இதைப் படித்துவிட்டு எளிய பொம்மையே போதும் என்று சொல்கிறவர்கள் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள். அங்கே விலை கொடுத்தது பொம்மைக்கு இல்லை. ஒரு பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்து, இன்னொரு பெண்ணின் வீட்டுக்கு, இரண்டு வருடம் தவறாமல் அனுப்பினார்கள்.

இந்தக் கட்டை வரலாற்றை நான் கொஞ்சம் துருவியிருக்கிறேன், தைத்த பாவத்துக்கு. 1830களின் கடைசியில் ஜெர்மனியில் ஃபிரோபெல் குழந்தைகளுக்கான பொம்மை வரிசை ஒன்றை உண்டாக்கினார். முதலாவது, கைக்குழந்தைக்கு, நூலில் பின்னிய மெத்தென்ற ஆறு கலர்ப் பந்து. அப்புறம்தான் மரக் கட்டை வரும். பந்தை நூலில் கட்டி ஆட்டிக்காட்ட வேண்டியவள் தாய். 1844இல் தாய்மாருக்கென்றே பாட்டும் விளையாட்டுமாக ஒரு புத்தகம் போட்டார். தன் தாயைக் கைக்குழந்தையாக இருக்கும்போதே இழந்தவர், அவருடைய ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அன்றைக்கு விழுந்த பாரம் இன்னும் இறங்கவில்லை: குழந்தையின் அறிவு என்பது தாயின் மடியில் தாய் செய்யும் வேலை. அந்த மடி அந்த நேரத்தில் வேறெங்கே விற்கப்படுகிறது என்று கேட்பாரில்லை. சென்னை அடையாறுக்கு 1939இல் வந்து நம் ஆசிரியைகளுக்கெல்லாம் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி, 1898இல் தான் பெற்ற மகனை மணமாகாத காரணத்தால் வேறொரு குடும்பத்தில் விட்டு வளர்க்க வேண்டியிருந்தது. அவரையே அந்தக் காலம் இந்தப் பாடு படுத்தியது. முசரவாக்கத்தில் ஒருத்தி தூளிக் கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டு நெய்வதில் என்ன அதிசயம்?

இன்னொரு பெண்ணும் இருந்தார். நியூயார்க்கில் கரோலின் பிராட். 1914இல் ஒரு விளையாட்டுப் பள்ளி தொடங்கி, இன்றும் உலகமெங்கும் இருக்கும் அளவெடுத்த மரக்கட்டைகளை உண்டாக்கியவர், தச்சு வேலை தெரிந்தவர். அவரோடு வாழ்நாள் முழுக்கச் சேர்ந்து வாழ்ந்தவர் ஹெலன் மாரோட்: தையல் தொழிலாளர்களின் நிலையை ஆராய்ந்தவர், பெண்கள் தொழிற்சங்க அமைப்பில் வேலை செய்தவர், 1909இல் நியூயார்க் சட்டைத் தையல் பெண்கள் நடத்திய பெரிய வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றவர்களில் ஒருவர். ஒரே வீட்டில் ஒருத்தி குழந்தைக்குக் கட்டை செய்தாள், ஒருத்தி தைக்கிறவளுக்குக் கூலி கேட்டாள். கட்டை மட்டும் நம் ஊர்வரைக்கும் வந்தது.

அடுத்தது, நம் பக்கத்து நல்லவர்கள். கடைப் பொம்மை எதற்கு, பழைய புடவையைக் கிழித்து இலவம் பஞ்சை அடைத்து நீங்களே தைத்துக் கொடுங்களேன், தாயின் கைப்பட்டது அல்லவா என்பார்கள். இயற்கை வாழ்வு பேசுகிறவர்களும், பாட்டி காலத்து மரப்பாச்சி, நடைவண்டி பற்றி உருகுகிறவர்களும் இதில் அடக்கம். துணிக்கட்டை தைப்பது எனக்கு ஒரு அரைமணி வேலை. பிடித்தவர்கள் செய்யட்டும், நல்லதுதான். ஆனால் காசுக்கு வாங்காதே என்பதற்கு மறுபக்கம் 'நீ சும்மா செய்' என்பது. பன்னிரண்டு கட்டைக்கு ஆறு மணி நேரம். அது யாருடைய ஆறு மணி நேரம்? நான் தைத்தால் கூலி டீக்காசு. அதையே தாயாகத் தைத்தால் கூலியே இல்லை, பாசம் என்று பெயர். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒருத்தியின் முதுகைத்தான் தேடுகிறார்கள்.

நேரத்தைப் பற்றி அரசாங்கமே கணக்கெடுத்திருக்கிறது. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒருநாளைக்கு அதில் செலவிடுவது 299 நிமிடம், அந்த வேலையைச் செய்கிற ஆண்கள் 97 நிமிடம். பிள்ளை, பெரியவர்களைக் கவனிப்பது தனி. அதில் பெண்கள் 134, ஆண்கள் 76. இதுவும் அந்த வேலையில் இறங்குகிற ஆண்களின் கணக்கு. இறங்காதவர்கள் பட்டியலிலேயே இல்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நெசவாளர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள். 'நெசவாளர்' என்று எங்கே படம் போட்டாலும் மீசை வைத்தவர் நெய்கிறார், பக்கத்தில் பெண் இராட்டை சுற்றுகிறாள்.

குழந்தைகள் காப்பகம் என்று கேட்டால் சட்டம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. 1948 தொழிற்சாலைச் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் வேண்டும் என்றது. 2017இல் திருத்திய பேறுகாலச் சட்டம், ஐம்பது ஊழியர் இருந்தால் காப்பகம், 26 வாரச் சம்பள விடுப்பு என்றது. தந்தைக்கு அதில் ஒருநாள்கூட இல்லை. என் அக்கா மகளின் வீட்டில் ஒரு தறி, ஒரு பெண். தெருவில் நாற்பது வீட்டில் நாற்பது பெண்கள். ஆனால் நாற்பது கூரை. கூரைக்கு ஒருத்தியாகப் பிரித்து வைத்துவிட்டால் எந்தச் சட்டத்தின் எண்ணிக்கையும் எங்களைத் தொடாது. 1975இல் தொடங்கிய அங்கன்வாடி எங்கள் ஊர்களுக்கு வந்த பெரிய நன்மை. ஆனால் அங்கே முன்பருவக் கல்விக்குப் பிள்ளையை விட இரண்டு வயதாக வேண்டும். அதற்கு முன் வீட்டுக்குச் சத்துமாவு. கட்டை வேண்டிய வயது, கவ்வி எறிந்து தட்டிவிடும் வயது, அதற்கு முந்தியது. அங்கன்வாடியை நடத்துகிற பெண்ணோ ஊழியர்கூட இல்லை, மதிப்பூதியம் வாங்கும் 'தொண்டர்'. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லவே 2022 ஏப்ரல் ஆனது. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற வேலை எங்கே போனாலும், யார் செய்தாலும், அது வேலை இல்லை.

பெண் குழந்தை என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நவராத்திரி வந்தால் காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவே கொலுப் பொம்மையால் நிறையும். நம் ஊரில் அழகான பொம்மை என்றால் அது படியில் உட்கார்ந்திருக்கும், பிள்ளைகள் தொடக்கூடாது. தொடக்கூடிய பொம்மை என்று பெண்ணுக்குக் கொடுப்பது சொப்புச் சாமான். அடுப்பு, குடம், அம்மி, உரல். அடுக்கிக் கட்டவும் தட்டிவிடவும் ஆன சாமான் ஆண் பிள்ளைக்கு. 1975இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள்: மூன்று மாதக் குழந்தை ஒன்றை மஞ்சள் உடுப்பில் வைத்து, சிலரிடம் பெண் என்றும் சிலரிடம் ஆண் என்றும் சொன்னார்கள். பெண் என்று கேட்டவர்கள் பொம்மைக்குழந்தையை அதிகமாக எடுத்து நீட்டினார்கள். குழந்தை அதே குழந்தை. எங்கள் தெருவில் சோதனை வைக்கத் தேவையில்லை. எதிர் வீட்டுப் பாப்பா கட்டை எடுக்கிறது என்றார்களே, அந்த 'பாப்பா' பையன். பையனுக்கு அப்பா வாங்கி வந்த கட்டை. என் அக்கா மகளின் வீட்டில் அவள் முன்பணம் வாங்கி வாங்க வேண்டிய கட்டை.

முன்பணம் வேண்டாம் என்று அவளிடம் சண்டை போட்டேன். என்னிடம் பழைய வேலையில் மீந்த ஸ்பாஞ்சு இருந்தது, நான்கு கட்டை தைத்துக் கொடுத்தேன். பெரிய ஈகை ஒன்றுமில்லை. கொடுக்கும்போது அவள் கணவனைக் கூப்பிட்டு அவன் கையில்தான் கொடுத்தேன். "சாயங்காலம் வெளக்கு வெச்சதும் தறிய நிறுத்திட்டு நீ அரைமணி இதோட உக்காரணும். அவ இல்ல, நீ" என்றேன். சிரித்தான். முதல் வாரம் செல்போனைப் பார்த்துக்கொண்டே அடுக்கினானாம். இப்போது பரவாயில்லை என்கிறாள். ஆனால் ஒருவனைத் திருத்தினால் ஒரு வீடு. மற்ற முப்பத்தொன்பது கூரைக்கும் நான் போய் மிரட்ட முடியாது.

அதனால் அடுத்த கிராம சபையில் படிப்பதற்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். தறி இருக்கும் தெருக்களுக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு அறை. ஆறு மாதம் முதல் இரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு, காலை எட்டு முதல் மாலை ஆறுவரை. பார்த்துக்கொள்ள இரண்டு பேர், மதிப்பூதியத்தில் இல்லை, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத சம்பளத்தில். ஆண்கள் விண்ணப்பித்தாலும் எடுக்கலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். பால் கொடுக்க வருகிற தாய்க்கு உட்கார ஒரு நாற்காலி. துணிக்கட்டைகள், உறை கழற்றித் துவைக்கிற மாதிரி, மாற்று உறையோடு. அவற்றை ஊரில் தைக்கிற பெண்களிடமே வாங்க வேண்டும், கட்டை ஒன்றுக்கு என்ன கூலி என்பதையும் மனுவிலேயே எழுதியிருக்கிறோம். இந்தக் கூலி வரிக்குத்தான் அதிகம் வாக்குவாதம் நடந்தது, பெண்களுக்குள்ளேயே. இதுவரை முப்பத்தோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் ஆண்கள் மூன்று பேர். அக்கா மகளின் கணவன் நாளைக்குப் போடுகிறேன் என்றிருக்கிறான்.